காயமும் காவலும்



தமிழில் காயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உடல் என்பது ஒன்று. உடலிற்படும் புண் என்பது மற்றொன்று. உடலாகிய காயத்தில் புண்ணாகிய காயம் பட்டவுடன் அவ்விடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள். அடிபட்ட இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கையும் நாம் நோய் என்றே எண்ணி வருந்துகிறோம். உண்மையில் அவை, கிருமிகளைத் தடுக்கவும் சிதைந்ததைச் செப்பனிடவும் உடல் தானே மேற்கொள்ளும் பெருவேலையின் அடையாளங்கள். அவ்வேலைக்கு மருத்துவ நூலார் அழற்சி என்று பெயரிட்டுள்ளனர். அழல் என்றால் நெருப்பு. இலத்தீன் மொழியினரும் தீச்சுடரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வைத்தனர். அடிபட்ட கை நெருப்பாய்ச் சுடுவதை எல்லா நாட்டாரும் ஒன்றுபோலவே உணர்ந்திருக்கின்றனர்.

இதனை நாம் ஏன் அறிந்திருத்தல் வேண்டும்? அழற்சியின் மொழியை அறிந்தவர், எக்காயத்தை வீட்டிலேயே கழுவி ஆற்றிக்கொள்ளலாம், எக்காயத்துக்கு உடனே மருத்துவரை நாடவேண்டும் என்று பிரித்தறிவார். அறியாதவர், உதவிக்கு வந்த வீக்கத்தைக் கண்டு அஞ்சுவார். அஞ்சவேண்டிய வீக்கத்தைக் கண்டும் வாளாவிருப்பார். மலையூரிலிருந்து நகருக்கு வரப் பேருந்தொன்றையே நம்பியிருப்போர்க்கு இவ்வறிவு மிகவும் இன்றியமையாதது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய பகுதி இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்காகக் கழனிகளில் கரும்பு விளைகிறது. கரும்புத் தோகையின் ஓரம் நுண்ணிய அரம்போன்றது. கரும்பு வெட்டுவோரின் முன்கைகளைப் பாருங்கள். தோகை கீறிய கோடுகள் இல்லாத கை ஒன்றையும் காண்பது அரிது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் மரச்சிற்பிகள் வாழ்கின்றனர். அவர்தம் கைவேலைக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுக்கு உளியும் மரச்சிராயும் அன்றாடத் தோழர், அன்றாடப் பகைவருங்கூட. மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையிலோ, மரவள்ளி தோண்டுவோர்க்கும் கடுக்காய் பொறுக்குவோர்க்கும் முள்ளும் கல்லும் காலில் ஏறாத நாளில்லை. ஆகவே நாம் பேசும் பொருள் நூலகத்தில் மட்டும் உள்ளதன்று. நம் வயலிலும் தச்சுப் பட்டறையிலும் மலைப்பாதையிலும் நாள்தோறும் நிகழ்வது.

மரச்சிற்பி ஒருவரின் விரலில் சிராய் ஒன்று ஏறிவிட்டது என்று கொள்வோம். அவர் அதனைப் பிடுங்க முயல்கிறார். பாதி முறிந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. மாலைக்குள் விரல் வீங்கிச் சுடுகிறது. இரவில் விண்விண்ணென்று தெறிக்கிறது. இந்த நான்கு குறிகளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார் தம் மருத்துவ நூலில் ஒருசேர எழுதிவைத்தார். செம்மை, வீக்கம், வெப்பம், வலி என்பன அவை. அடிபட்ட உறுப்பு தன் தொழிலைச் செய்யமாட்டாமை என்னும் ஐந்தாவது குறியைப் பின்வந்தோர் சேர்த்தனர்.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துங்கள். செல்சஸ் கண்டது வெளிறிய தோல். நம்மவரின் கருமை கலந்த தோலில் செம்மை அவ்வளவு எளிதாகத் தெரியாது. அவ்விடம் சற்றுக் கறுத்தோ கருஞ்சிவப்பாகவோ தோன்றும். சில வேளைகளில் நிறமாற்றமே புலப்படாது. பாடநூலில் சிவக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி, சிவக்கவில்லையே என்று சும்மா இருத்தல் கூடாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அருகிலுள்ள தோலைவிட அவ்விடம் சுடுகிறதா, தோல் இறுகிப் பளபளக்கிறதா என்று நோக்குங்கள். நம் நாட்டில் கண்ணைவிடக் கையே இதற்குச் சிறந்த கருவி.

தோலுக்கு அடியில் நடப்பதை அறிய எளியதொரு சோதனை உண்டு. சர் தாமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவ அறிஞர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை விரித்துரைத்தார். முன்கையின் உட்புறத்தில் அளவுகோலின் மழுங்கிய விளிம்பால், தோல் கிழியாதபடி, சற்று அழுத்தி ஒரு கோடு இழுங்கள். சில நொடிகளில் கோடு இழுத்த இடம் சிவக்கும். பிறகு அதன் இருமருங்கும் செம்மை பரவும். சிலருக்குச் சில நிமிடங்களில் அக்கோடே தடித்து மேலெழும்பும். சிவந்த கோடு, பரவும் செம்மை, தடிப்பு என்னும் இம்மூன்றையும் லூயிஸ் மும்மை விளைவு என்று குறித்தார். இவற்றுள் இடையில் உள்ள பரவும் செம்மை நரம்புகளின் வழியாக உண்டாவது என்பதையும் அவர் கண்டார். நரம்பு செத்துப்போன இடத்தில் அது தோன்றாது. இச்செய்தியை மறவாதீர்கள், பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

செம்மையும் தடிப்பும் ஏன் உண்டாகின்றன? தோலுக்கடியில் காவலர்போல ஆங்காங்கே சில உயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வயிற்றில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சிறு மணிகளாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அடிபட்டவுடன் அது வெளியே கொட்டுகிறது. அதன் தூண்டுதலால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கோமுகி அணையின் மதகைத் திறந்தால் வாய்க்கால்களில் நீர் பெருகுவதுபோல், அவ்விடத்தில் இரத்தம் பெருகிப் பாய்கிறது. உடலின் உள்வெப்பத்தைச் சுமந்துவரும் இரத்தம் மிகுவதால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது. அதே வேளையில் குழாய்ச் சுவரிலுள்ள உயிரணுக்கள் சற்றே விலகி இடைவெளி விடுகின்றன. அவ்விடைவெளி வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி, தன்னில் கரைந்துள்ள புரதங்களோடு வெளியே கசிகிறது. அக்கசிவே வீக்கம். உறையும் தன்மையுடைய புரதமும் அதில் இருப்பதால் அது வலைபோற் பின்னிக் காயத்தைச் சுற்றி வேலியிடுகிறது. வேறு சில பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. அதனால் வலி உண்டாகிறது.

நீர் கசிந்த வழியே வீரர்களும் வருகின்றனர். நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் செவ்வணுக்கள் இருக்க, வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. எண்ணிக்கையில் சிறுபான்மையராயினும் காவற்படை இவர்களே. 1867ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் யூலியஸ் கோன்ஹைம் என்பவர் தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்பெருக்கியின்கீழ் விரித்துவைத்து மணிக்கணக்காகப் பார்த்தார். முதலில் இரத்தம் விரைந்தோடியது, பின்பு தளர்ந்தது. வெள்ளணுக்கள் நீரோட்டத்தின் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்து சுவரோடு ஒட்டின. பிறகு சுவரை ஊடுருவி மெல்ல வெளியேறின. அழற்சியின் உட்பொருளை இவ்வாறு நேரிற் கண்டு எழுதியவர் அவர்.

வெளியேறிய அணுக்கள் என்ன செய்கின்றன? இவ்வினாவுக்கு விடை தந்தது ஒரு முள். 1882ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த எலி மெச்னிகாவ் என்னும் உருசிய நாட்டு உயிரியல் அறிஞர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகிவைத்தார். மறுநாட்காலையில் பார்த்தபோது, ஒவ்வொரு முள்ளைச் சுற்றியும் இயங்கும் உயிரணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன. அவ்வுயிரினத்துக்கு இரத்தக் குழாய்களும் இல்லை. நம்மைப்போன்ற நரம்பு மண்டலமும் இல்லை. இருந்தும் அயற்பொருளை வளைத்துத் தின்ன முயலும் அணுக்கள் இருந்தன. உடலின் காவல் எத்துணைப் பழைமையானது என்பதை அம்முள் காட்டிக்கொடுத்தது. இவ்வாராய்ச்சிக்காக மெச்னிகாவ், பால் எர்லிக் என்பாரோடு 1908ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் சிற்பியின் விரலிலும் இதுவே நடக்கிறது. சில மணி நேரத்துக்குள் முதற்படை வருகிறது. கிருமிகளை விழுங்கி, அவற்றோடு தானும் மடிகிறது. அவ்வாறு மடிந்த வீரர்களின் குவியலே சீழ். ஒன்றிரண்டு நாட்களில் பேருண்ணிகள் என்னும் பெரிய அணுக்கள் வந்து களத்தைத் துப்புரவு செய்கின்றன. ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து நார் நெய்யும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, தழும்பு உருவாகிறது. மூன்று மாதங்களில் அத்தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டுகிறது. முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. ஆனால் சிராய் உள்ளேயே கிடந்தால், மரத்தைச் செரிக்கமாட்டாத அணுக்கள் நாள்தோறும் வந்து மடிந்துகொண்டே இருக்கும், புண் ஆறாது. எனவே, சிராயை எடுப்பது நம் வேலை. ஆற்றுவது உடலின் வேலை.

போர்க்களத்தில் குண்டடிபட்டோரைக் கவனித்த ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர், அழற்சியை ஒரு நோயாகக் கருதலாகாது, நன்மை பயக்கும் செயலாகவே கொள்ளல் வேண்டும் என்ற கருத்தைத் தம் நூலில் நிலைநாட்டினார். அந்நூல் அவர் இறந்த மறு ஆண்டாகிய 1794இல் வெளிவந்தது. எனினும், வலியும் நன்மையே என்று சொன்னால் யார் நம்புவார்? இதனை நமக்குத் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டியவர் நம் மலைநாட்டிலேயே பிறந்தவர்.

அவர் டாக்டர் பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டில் பிறந்து, கல்வராயனைப்போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஆங்கிலேயத் தொண்டர்கள். தந்தையார் 1929இல் மறைந்த பின்னரும் தாயார் ஈவ்லின் இம்மலைகளைவிட்டு நீங்கவில்லை. முதுமையிலும் கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் ஏறி இறங்கித் தொண்டு செய்தார். மகனார் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று அவர் ஆராய்ந்தார். நோயே சதையை அழுகச் செய்கிறது என்று அந்நாளில் எல்லாரும் நம்பினர்.

ஒருநாள், தொழுநோயாளர் நிலையம் ஒன்றில் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் முயன்றார், முடியவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைப் பற்றி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் வடிந்தது. பார்த்தால், எலும்பு தெரியும் அளவுக்குச் சாவி சதையைக் கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை! அவனுடைய வலிமைக்குக் காரணம் வலியின்மையே. தொழுநோய்க் கிருமி நரம்புகளைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. வலி போனபின், சூடான பாத்திரத்தையும் கூரிய கல்லையும் யார் விலக்குவார்? அன்றாடக் காயங்கள் கவனிப்பாரற்றுச் சேர்ந்தே கைகால்களைக் குறைக்கின்றன என்று பிராண்டும் அவருடைய உடன்பணியாளரும் நிறுவினர். வலியை ஒரு கொடை என்றே அவர் தம் வாழ்நாள் முழுதும் பேசிவந்தார். 2003ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு இப்போது வருவோம். தொழுநோய்ப் படையின்மீது ஹிஸ்டமினைத் துளியளவு செலுத்தினால், லூயிஸ் கூறிய பரவும் செம்மை அங்கே தோன்றுவதில்லை. அங்குள்ள நரம்பு செத்துவிட்டதை அது சொல்லிவிடுகிறது. இன்று இந்நோய்க்கு அஞ்சவேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் இது முற்றும் குணமாகிறது. மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. வெளிறிய படையில் தொடுவுணர்ச்சி இல்லையென்றால் நாணாமல் உடனே காட்டவேண்டும். அவ்வளவே.

வலி இழந்தவர்க்கு வேறு காவல் இல்லையா? உண்டு; வெப்பம். பிராண்டு 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றபின், எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை மீண்டும் மீண்டும் செலுத்தி ஆராய்ந்தார். ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் நேராத அளவுதான் அது. ஆயினும் பல நாட்கள் தொடர்ந்தபோது முதலில் பாதம் சூடேறி அழற்சியுற்றது; அதன்பின்னரே புண் வெடித்தது. புண் வருமுன்னே வெப்பம் வந்து எச்சரிக்கிறது என்பது இதனால் விளங்கும். இன்று நம் ஊர்களில் நீரிழிவு நோயால் பாத உணர்ச்சி குன்றியவர் பலர். அவர்தம் வெள்ளணுக்களும் சுறுசுறுப்புக் குன்றியே இருக்கும். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அவ்வாறிருந்தால், நாள்தோறும் மாலையில் அவர்களின் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாதத்தில் ஓரிடம் மட்டும் மிகுதியாகச் சுட்டால், அவர்கள் வலிக்கவில்லை என்று சொன்னாலும், அக்காலுக்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி மாணவர் ஒருவர் செய்யக்கூடிய சிறிய பணி இது. ஒரு காலைக் காப்பாற்றும் பெரிய பணியும் இதுவே.

காவலனும் சில வேளைகளில் அளவு மீறுவான் என்பதை மறைத்தல் முறையன்று. முடக்குவாதத்தில் காவற்படை தன் மூட்டுகளையே பகையென்று கருதித் தாக்குகிறது. ஆஸ்துமாவில் ஒன்றுமற்ற தூசிக்கும் மூச்சுக்குழாய் வீங்குகிறது. அத்தகைய நிலைகளில் அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் இன்றியமையாதன. ஆஸ்பிரின் முதலியன வலியை எழுப்பும் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால், மருத்துவர் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அடிபட்ட காலோடு கரும்பு சுமப்பது, காவலனின் வாயைப் பொத்திவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போன்றது. ஒரே ஊசியில் வீக்கத்தை வடியச் செய்வோம் என்று சொல்லும் பட்டமற்றவர்களிடமும் எச்சரிக்கையாயிருங்கள். ஸ்டீராய்டு ஊசியால் வீக்கம் வடியலாம். கிருமியோ தடையின்றிப் பெருகும்.

இனி, காயம் பட்டால் செய்யவேண்டுவனவற்றைச் சுருக்கிக் கூறுவேன். தூய நீரை ஓடவிட்டுச் சோப்பினால் கழுவுங்கள். மேலோட்டமான சிராயையும் முள்ளையும் கொதிநீரிலிட்ட ஊசியாலோ இடுக்கியாலோ எடுத்துவிடுங்கள். ஆழப் பதிந்ததை மருத்துவர் எடுக்கட்டும். சாணம், மண், சாம்பல், காப்பித்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் புண்ணில் அப்பாதீர்கள். ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலுமே குடியிருக்கின்றன. அந்நோய்க்கு அழற்சி முன்னறிவிப்புத் தருவதில்லை. புண் சிறிதாய் ஆறிய பின்னும் அது வரக்கூடும். தடுப்பூசி ஒன்றே அதற்குக் காப்பு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடப்படும் ஊசியைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்? இரண்டு மூன்று நாட்களாகியும் வீக்கமும் சூடும் குறையாமல் பரவினால். காயத்திலிருந்து மேல்நோக்கிக் கோடுபோல் ஓடினால். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டிக் காய்ச்சலும் கண்டால். நெறி கட்டுதல் என்பது போர் எல்லைக்கோட்டைக் கடந்து அடுத்த கோட்டைக்கு வந்துவிட்டது என்பதன் செய்தி. மலைப்பகுதியில் பாம்பு தீண்டி வரும் வீக்கமோ வேறு வகை. அது நஞ்சின் வேலை. அங்கே கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. அடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனை செல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. கல்வராயன் மலைப் பள்ளிகளில் இன்று பயிலும் மாணவ மாணவியரும் நாளை அக்கல்லூரியில் வெள்ளணுக்களை நுண்பெருக்கியில் காணவேண்டும் என்பது என் போன்ற ஆசிரியர்களின் விருப்பம்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை காலில் முள் தைத்து வீங்கும்போது அழுது முடித்தபின் சற்று உற்றுப் பாருங்கள். உங்கள் கட்டளையை எதிர்பாராமலே ஒரு படை திரண்டு வந்து உங்களுக்காக மடிந்துகொண்டிருக்கிறது. அதற்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, தூய நீரும் ஓய்வும் வேளையறிந்த மருத்துவமுமே.